தண்ணீரை எங்கே ஒளித்து வைப்பது?

கடல், ஏரி, ஆற்றங்கரைகளில் நிற்கும் புதுக்காலக் கட்டடங்களைப் பற்றிச் சில மாதங்களாகவே கேள்விகள் வந்துகொண்டிருந்தன. இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நீங்கள் நேரில் பார்த்த நீரோரக் கட்டடங்களில் உங்களை அசையாமல் நிற்க வைத்தது எது? சிட்னியா, துபாயா?
வாசகி, காரைக்குடி

இரண்டும் இல்லை அம்மா. இலங்கையில், தம்புள்ளைக்குப் பக்கத்தில், கண்டலம என்ற பழைய குளத்தின் கரையில் ஒரு ஓட்டல் இருக்கிறது. இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, 1994இல் திறந்தது. அதைச் சொல்வதற்கு முன் என் ஊரைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் ஆச்சி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளினால் கடல். ஆனால் வீட்டின் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. "கொண்டல் காத்து உப்பைக் கொண்டாந்து கொட்டும், பெட்டிச் சாவிகூடத் துருப்பிடிச்சுப் போகும்" என்பாள் ஆச்சி. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு ஒடுக்கமாக, பகலிலும் இருட்டாக இருக்கும். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஏற வேண்டும். கடைசிப் படியில் தகரக் கதவைத் தள்ளினால் மொத்தக் கடலும் முகத்தில் வந்து மோதும். தினமும் பார்க்கிற கடல்தான், இருந்தும் தினமும் ஒரு நொடி மூச்சு நிற்கும்.

2013 டிசம்பரில் கண்டலமவுக்குப் போனபோது அந்தப் படிக்கட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. காட்டு வழியாக வளைந்து வளைந்து வண்டி போகிறது, குளம் கண்ணில் படவே இல்லை. பெரிய முகப்புக் கூரையின் கீழ் இறங்கினால் எதிரே பாறை. குகைபோல ஒரு நடைவழி உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே வெளிச்சம் குறைவு, பாறையின் குளிர்ச்சி தோளில் படுகிறது. அன்று மழை, பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடையைத் தாண்டித் திரும்பியதும் கூடம் திறக்கிறது. அதன் விளிம்பில் நீச்சல் குளம், அதற்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் பழங்காலப் பாறைக்கோட்டையான சிகிரியாக் குன்று. நீச்சல் குளம் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும்.

ஓட்டலைக் கட்ட முதலில் பார்த்த இடம் சிகிரியாக் குன்றின் அடிவாரம். பாவா அதை ஏற்கவில்லை. குன்றைத் தூரத்தில், தண்ணீருக்கு மேலே பார்க்கும்படியான இடத்துக்கு நகர்த்தச் சொன்னார். அந்த ஒரு முடிவில்தான் கட்டடம் முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னொரு காரியமும் செய்தார். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளக் கட்டடத்தைத் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தினார். மழைத் தண்ணீர் கட்டடத்துக்கு அடியில் புகுந்து தன் பழைய வழியிலேயே குளத்துக்குப் போகிறது.

உள்ளே அலங்காரம் என்று சொல்ல அதிகம் இல்லை. கான்கிரீட் தூண்களுக்கு இருண்ட நிறம் பூசியிருக்கிறார்கள். முதலில் இது என்ன, துக்க வீடு மாதிரி என்று தோன்றியது. அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. தூண் இருட்டாக இருப்பதால் கண் அதில் நிற்காமல், வெளியே உள்ள பச்சைக்கும் தண்ணீருக்கும் தாவிவிடுகிறது. வெள்ளை பூசியிருந்தால் நாம் தூணைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். நடைபாதைகளில் ஏசி கிடையாது, திறந்தவெளிதான். சில இடங்களில் பாறை தரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. படிக்கட்டின் மேலே சிற்பி லக்கி சேனநாயக்க செய்த பிரம்மாண்டமான உலோக ஆந்தை சிறகு விரித்து நிற்கிறது. வெளிப்பக்கம் மரச்சட்டங்களில் கொடி ஏறி, எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியாது.

கண்ணைப் பறிக்கும் கட்டடம் என்றால் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இது ஒளிந்துகொண்டிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நான் வரைந்த ஒவ்வொரு வீட்டிலும் வாசலிலிருந்து தண்ணீர் தெரியாதபடிதான் வரைந்திருக்கிறேன்.

பாவாவுக்கும் தமிழர்களுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?
வாசகர், மதுரை

உண்டு. உங்கள் ஊரிலேயே அவர் வேலை இருக்கிறது. 1970களில் அவர் வடிவமைத்த மதுரை கிளப், இன்று ஹெரிட்டேஜ் மதுரை ஓட்டலின் பகுதி. கோச்சடையில்தான், ஒரு மாலை போய்ப் பாருங்கள். சென்னை கன்னிமாரா ஓட்டலை அதே காலத்தில் மாற்றியமைத்ததிலும் அவர் கை உண்டு.

இதைவிட முக்கியம், அவருடைய அலுவலகத்தில் பல ஆண்டுகள் பங்குதாரராக இருந்த பொறியாளர் பூலோகசுந்தரம். பாவா முதலில் வழக்கறிஞர். 38 வயதில்தான், 1957இல், கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். அவர் மனதில் கண்டதை நிற்கும்படி கணக்குப் போட்டவர்களில் பூலோகசுந்தரத்துக்குப் பெரிய பங்கு. கொழும்பை ஒட்டிய கோட்டேயில் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவுபோல நிறுத்திய இலங்கை நாடாளுமன்றம் 1982இல் திறந்தது அந்தக் கூட்டணியில்தான். வடிவமைத்தவர் பெயரைச் சொல்கிற இடத்தில் நிறுத்திக் காட்டியவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சிட்னி ஓபரா ஹவுஸ் கூரை பாய்மரமா, சிப்பியா? அது கட்ட ஏன் அத்தனை காலம்?
பள்ளி ஆசிரியர், கும்பகோணம்

பார்ப்பவர் இஷ்டம். ஆனால் வடிவத்தின் ரகசியம் பந்தில் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன் 1957இல் போட்டியில் வென்றபோது வரைந்த கூரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. அழகாக இருந்தன, கட்ட வழியில்லை. 1959இல் அஸ்திவார வேலை தொடங்கியும் கூரையை எப்படிப் போடுவது என்று முடிவாகவில்லை. ஓவ் அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் பொறியாளர்கள் வருடக்கணக்கில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1961இல் விடை கிடைத்தது. சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே பந்திலிருந்து எல்லாக் கூரைகளையும் வெட்டி எடுப்பது. ஆரஞ்சுத் தோலை வேறு வேறு அளவில் உரித்தால் எப்படி இருக்குமோ அப்படி. பந்து ஒன்றுதான் என்பதால் வளைவும் ஒன்றுதான். அதனால் துண்டுகளை அச்சில் வார்த்து, பக்கத்திலேயே வைத்துக் கோக்க முடிந்தது. உங்கள் மாணவர்களுக்கு ஒரு ஆரஞ்சு வாங்கிக் காட்டுங்கள், பத்து நிமிடத்தில் புரியும்.

இன்னொரு விஷயம் பக்கத்தில் போனால்தான் தெரியும். கூரை வெள்ளை இல்லை! தூரத்தில் வெள்ளையாகத் தெரிவது, 12 சென்டிமீட்டர் சதுர ஓடுகள் இரண்டு விதமாகக் கலந்தது. ஒன்று பளபளக்கும் வெள்ளை, மற்றது மங்கலான பாலாடை நிறம். ஸ்வீடனில் செய்து வந்த ஓடுகள், மொத்தம் 10,56,006. பளபளப்பு நடுவிலும் மங்கல் ஓரங்களிலும் வருவதால் கூரையில் மீன்முள்போல ஒரு கோலம் ஓடுகிறது. முழுக்கப் பளபளப்பாகப் போட்டிருந்தால் துறைமுக வெயிலில் கண் கூசி யாரும் நிமிர்ந்து பார்க்க முடியாது. நம்மூரில் கடற்கரைக் கட்டடங்களுக்கு முழுப் பளபளப்பு ஓடு ஒட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

காலதாமதத்துக்கும் செலவுக்கும் பெரிய கதை உண்டு. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கி 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. அரசோடு மோதல் முற்றி 1966இல் உட்சன் விலகி நாட்டை விட்டே போய்விட்டார். உள் அரங்குகளைப் பீட்டர் ஹால் தலைமையிலான குழு முடித்தது. 1973 அக்டோபர் 20இல் திறப்பு விழா. 2008இல் இறக்கும்வரை உட்சன் அந்தக் கட்டடத்தை முடிந்த நிலையில் நேரில் பார்க்கவே இல்லை. எத்தனை விருது வந்தாலும் இது என் நெஞ்சில் கனக்கிற விஷயம்.

நீலாங்கரையில் வீடு கட்டுகிறோம். கடல் பக்கம் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடியாக வேண்டும் என்பது என் ஆசை. இன்ஜினியர் தடுக்கிறார். அவர் பழைய காலத்து ஆளா?
வாசகர், சென்னை

உங்கள் இன்ஜினியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் சார்.

உங்களுக்குக் கடல் கிழக்கே. சித்திரை மாதம் காலை ஆறரைக்கே வெயில் நேராகச் சோபாவில் வந்து உட்காரும். பத்து மணி வரை திரை போட்டு மூடித்தான் வைப்பீர்கள். பிற்பகலில் கடற்காற்று எழும்பும்போது, திறக்க முடியாத கண்ணாடி அதை வெளியிலேயே நிறுத்திவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழை சாய்ந்து அடிப்பதும் அந்தப் பக்கமிருந்துதான். சறுக்குக் கதவின் கீழ்த்தடத்தில் தண்ணீர் தேங்கி உள்ளே வரும். ஆசையை விட வேண்டாம், மாற்றிப் போடுங்கள். கண்ணாடிக்கு வெளியே எட்டு, பத்து அடி அகலத்துக்கு ஆழமான தாழ்வாரம் இருக்கட்டும். கண்ணாடியில் பாதியாவது திறக்கட்டும். நிலைப்படியில் சின்னக் கடப்பைக் கல் மேடும், அதற்கு முன்னால் ஜல்லடை போட்ட வடிகாலும் வேண்டும். தாழ்வாரத்தின் நிழலிலிருந்து பார்க்கிற கடல், கண்ணாடி வழியாகப் பார்ப்பதைவிட நீலமாகத் தெரியும்.

இப்போது இரும்பு விஷயம். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த நாலாவது வருடம், கோவளம் பக்கம் ஒரு வீடு. பன்னிரண்டு மடக்குக் கதவுகள், எல்லாவற்றுக்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், ஒவ்வொரு கீலிலும் டீ சிந்தின மாதிரி பழுப்புக் கறை, திருகாணியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் குழி. வந்திறங்கியது 304 ரகம். பில்லில் 316 என்றே இருந்தது. வீட்டுக்கார அம்மா கறையை விரலால் தேய்த்து என் முன்னால் நீட்டினார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த விரலை இன்றும் மறக்க முடியவில்லை. கீல் அத்தனையும் மாற்றினோம்.

304க்கும் 316க்கும் வித்தியாசம் முக்கியமாக மாலிப்டினம் என்ற உலோகம், 316இல் அது கலந்திருக்கும். உப்பைத் தாங்குவது அதனால்தான். காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பேதம் தெரியாது, பாலிஷும் ஒன்றுபோலவே இருக்கும். சோதிப்பதற்கென்று சொட்டுத் திரவம் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டால் மாலிப்டினம் இருக்கிறதா என்று நிறம் சொல்லிவிடும். சரக்கு இறங்கும்போதே லாரிப் பக்கத்தில் நின்று நாலைந்தை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம், 316 ஆனாலும் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும்.

கான்கிரீட்டிலும் கஞ்சம் வேண்டாம். கம்பிக்கு மேல் இருக்கும் காரைக் கனம்தான் உப்புக்குக் காவல். கடலோரப் பகுதிக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456இன்படி குறைந்தது 45 மில்லிமீட்டர், கடல் சாரல் நேராகப் படும் இடத்தில் 50. கம்பிக்கு அடியில் கருங்கல் சில்லு வைத்து ஒப்பேற்றுவதை அனுமதிக்காதீர்கள், அந்த அளவுக்கே வார்த்த கவர் பிளாக் வையுங்கள். போர் தண்ணீரை உப்புச் சோதனை செய்யாமல் கலவையில் ஊற்ற வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி என்ன நிலையில் இருக்கிறது என்று பத்திரத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

மேற்கத்திய நாடுகளில் இசை அரங்குகளை மட்டும் ஏன் தண்ணீர் ஓரமாகவே கட்டுகிறார்கள்? அழகுக்காகவா?
கல்லூரி மாணவர், கோவை

அழகு பிறகு வந்தது. முதலில் வந்தது காலி இடம். கப்பல்கள் பெரிதாகி, சரக்கு கன்டெய்னரில் அடைபட்ட பிறகு, ஊர் நடுவிலிருந்த பழைய துறைமுகங்கள் வேலையற்றுப் போயின. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கொக்கோவும் தேயிலையும் புகையிலையும் அடுக்கி வைத்த 1960களின் செங்கல் கிடங்கு அப்படி நின்றது. அதன் தலைமேல் கண்ணாடி அரங்கு ஒன்றை ஏற்றி வைத்தார்கள் ஹெர்சோக், டி மியூரோன் என்ற ஸ்விட்சர்லாந்துக் கட்டடக்கலைஞர்கள். 2017இல் திறந்த எல்ப்ஃபில்ஹார்மனி அதுதான். வெளியே கப்பல் சங்கு ஊதும், உள்ளே வயலினின் மெல்லிய இழை கேட்க வேண்டும். அதற்காகப் பெரிய அரங்கு முழுவதையும் 362 சுருள்வில் தொகுதிகள்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். உள்சுவரில் ஏறக்குறைய 10,000 ஜிப்சம் பலகைகள், சிப்பிக்குள் விரலை விட்டுத் தடவினமாதிரி குழி குழியாக. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

எனக்குப் பிடித்தது அரங்குக்குப் போகும் வழி. 82 மீட்டர் நீள எஸ்கலேட்டர், நடுவில் லேசாக வில்போல வளைந்திருக்கிறது. ஏறும்போது முடிவு தெரியாது. வளைவு தாண்டியதும் மெல்ல மெல்ல ஒரு பெரிய ஜன்னல் முளைக்கிறது, அதில் துறைமுகம். எங்கள் ஆச்சி வீட்டு மாடிப்படியும் கண்டலமவின் குகை நடையும் செய்வது இதைத்தான்.

நார்வேயின் ஓஸ்லோ நேர் எதிர். 2008இல் திறந்த அந்த ஓபரா மாளிகையில் ஒளிவுமறைவே இல்லை. ஸ்னோஹெட்டா என்ற கட்டடக்கலை நிறுவனம் கூரையை அப்படியே சாய்த்துக் கடல்நீருக்குள் இறக்கிவிட்டது. டிக்கெட் வேண்டாம், யாரும் ஏறலாம். நான் போனது ஒரு ஜூன் மாதம், இரவு பத்துக்கும் வெயில். வெள்ளைப் பளிங்குச் சரிவில் குழந்தைகள் உருண்டுகொண்டிருந்தார்கள், ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். கல்லைக் குனிந்து தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில் வழவழப்பு, இரண்டடி தள்ளிச் சொரசொரப்பு, அப்புறம் மெல்லிய வரி. அந்தக் கூரைப் பரப்பு கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய படைப்பு. உள்ளே நுழைந்தால் கருவாலி (ஓக்) மரத்தில் அலைபோல வளைந்து மேலேறும் சுவர். அதைச் செய்தவர்கள் படகு கட்டும் தச்சர்கள் என்று அறிந்தபோது எங்கள் ஊர்த் தோணி மேஸ்திரிகள் ஞாபகம் வந்தது. பலகையைச் சூடு காட்டி வளைக்கிற கை அவர்களுடையது. அவர்களை வைத்து ஒரு அரங்கச் சுவர் செய்ய நம்மூரில் இதுவரை யாருக்கும் தோன்றவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. மேடையின் கீழ்த்தளம் கடல் மட்டத்துக்கு 16 மீட்டர் கீழே போகிறது. மேலே உருளும் குழந்தைகளுக்கு அது தெரியவேண்டியதில்லை.

ஏரியைப் பார்த்த மாதிரி ஃபிளாட் வாங்கினோம். பகலில் அருமை. இரவில் ஜன்னலில் எங்கள் முகம்தான் தெரிகிறது, ஏரி தெரியவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?
இல்லத்தரசி, பெங்களூரு

செலவே இல்லாமல் செய்யலாம். உள்ளே வெளிச்சம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். கூரையில் பதித்த விளக்குகளை இரவு எட்டு மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே, ஜன்னலுக்குப் பக்கவாட்டில், துணி மூடின இரண்டு மஞ்சள் விளக்கு போதும். பல்பு நேராகக் கண்ணாடியில் விழக்கூடாது. டிவியை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைத்திருந்தால் இடம் மாற்றுங்கள். ஜன்னலை ஒட்டிய சுவருக்கும் கூரைக்கும் அடர்ந்த நிறம் அடித்துப் பாருங்கள், பாவாவின் இருண்ட தூண் செய்யும் வேலையை அது செய்யும். உட்காரும் இடத்தையும் தாழ்த்துங்கள், ஒரு பாய், இரண்டு திண்டு. கண் மட்டம் இறங்கினால் பால்கனிக் கம்பியின் அடியில் தண்ணீர் தெரியும்.

கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீரோரக் கட்டடம்தான் என் ஸ்டூடியோ பாடம். வெளிநாடு போக வசதியில்லை. எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?
மாணவி, திருச்சி

என் மகள் வயது, அதனால் நீ என்றே சொல்கிறேன். உன் ஊரில் மலைக்கோட்டை அடிவாரத் தெப்பக்குளம் இருக்கிறது, காவிரியில் அம்மா மண்டபப் படித்துறை இருக்கிறது. பழசுதானே என்று விடாதே. உட்சனும் பாவாவும் பழசைப் பார்த்துத்தான் புதுசு செய்தார்கள். ஒரு அளவு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்கு விடியற்காலையில் போ. தெருவில் நிற்கும்போது ஆறு தெரிகிறதா? மண்டபத்தின் நிழலுக்குள் எத்தனை அடி நடந்த பிறகு முதல் தண்ணீர் கண்ணில் படுகிறது? அங்கே தரை எத்தனை அங்குலம் இறங்குகிறது? படியின் உயரம், மிதி அகலம், ஈரம் எந்தப் படி வரை, எந்தப் படியில் கிழவிகள் உட்காருகிறார்கள், எந்தப் படியில் பையன்கள் குதிக்கிறார்கள், எல்லாவற்றையும் குறித்துக்கொள். ஆடியில் தண்ணீர் நிறைந்தபோது ஒரு முறை, சித்திரையில் மணல் தெரியும்போது ஒரு முறை போய் அதே இடத்தில் நின்று வரை. இரண்டு வரைபடத்தையும் எனக்கு அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.